பாட்காஸ்டும் சிபார்சும்

"இந்தப் பாட்காஸ்டைக் கேட்டீர்களா? அவசியம் கேளுங்கள்" என்று சொல்லாத நண்பர் இன்று நமக்கு ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். கூட்டத்துக்குப் போனால் ஒருவர் சொல்லுகின்றார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லுகின்றார். விடிந்தெழுந்து செல்போனைப் பார்த்தால் வாட்ஸாப்பில் நாலு பேர் அனுப்பி வைத்திருக்கின்றார்கள். முன்னெல்லாம் ஊருக்கு வந்த சாமியாரைப் பற்றியும், கைகண்ட மருந்தைப் பற்றியும் எப்படி வாய்க்கு வாய் சிபார்சு நடந்ததோ, அப்படியே இன்று பாட்காஸ்டுக்குச் சிபார்சு நடக்கின்றது. இந்தச் சிபார்சைச் செய்வது எப்படி, கேட்டு நடப்பது எப்படி என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

பாட்காஸ்ட் என்றால் என்னவென்று அறியாத கிராமத் தோழர்களுக்காக முதலில் நாலு வார்த்தை. ரேடியோவில் பேசுவதைப் போல் ஒருவரோ பலரோ பேசிப் பதிவு செய்து இண்டர்நெட்டில் வைத்து விடுகின்றார்கள். வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் செல்போனில் கேட்டுக் கொள்ளலாம். ஒரு தடவை குறித்து வைத்து விட்டால் புதுப் பேச்சு வெளியாகும் போதெல்லாம் தானாகவே நம்மிடம் வந்து சேரும். இதற்கு இந்தப் பெயரை முதன்முதல் எழுதினவர் பென் ஹாமர்ஸ்லி என்கின்ற ஆங்கிலப் பத்திரிகைக்காரர்; 2004-ம் வருஷம் பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். 2005-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியார் தங்களுடைய ஐட்யூன்ஸில் இதற்கு இடம் கொடுத்தார்கள். அதன் பின் இது வெகு வேகமாகப் பரவிற்று. ரேடியோ நிலையம் வைக்கச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். இதற்கு ஒரு செல்போன் போதும். பணக்காரனும் பதவிக்காரனும் மாத்திரமே பேச வேண்டும், மற்றவன் வாய் பொத்திக் கேட்க வேண்டும் என்கின்ற கட்டு இதனால் அறுந்தது. இது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

நாம் காதால் வளர்ந்தவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சாபீசில் வேலைக்குப் போனவர்கள். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்போம். அதுவே நமக்குக் கலாசாலை. இன்று பஸ்ஸில் போகும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் காதில் ஹெட்செட்டை மாட்டிக் கொண்டு, காலேஜில் பணம் கட்டிக் கேட்க வேண்டியதையெல்லாம் காசில்லாமல் கேட்டு வருகின்றோம். ஆகவே பாட்காஸ்டின் மேல் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. குற்றம் நம்மிடத்திலேயே இருக்கின்றது. அதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே பேச நமக்கு யோக்கியதை உண்டு.

சில வருஷங்களுக்கு முன் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நமக்கு வந்தது. பேசினவருக்கு நல்ல குரல். மருந்துக் கம்பெனிகள் அடிக்கும் கொள்ளையைப் பற்றி விளாசித் தள்ளினார். முதலாளியை வைதால் நமக்குக் காது குளிரும் அல்லவா? 40 நிமிஷப் பேச்சில் 15 நிமிஷம் கேட்டோம். அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்து விட்டது. "அவசியம் கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து இருபது பேருக்கு அனுப்பிவிட்டு நம் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டோம். நாம் கேளாத பாக்கியில் என்ன இருந்ததென்றால், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தாம் விற்கும் பொடியைச் சாப்பிடும்படி அவர் சொல்லியிருந்தார். இருபது பேரில் ஒருவர், கிராமத்தில் தையல் வேலை செய்யும் தோழர், அப்படியே மாத்திரையை நிறுத்தினார். காலில் இருந்த சிறு புண் மூன்று வாரத்தில் அழுகிப் போய், ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நாம் பார்க்கப் போனோம். அவர் நம்மேல் கோபித்துக் கொள்ளவில்லை. "தோழரே, நீங்க அனுப்பினதுதானே, தப்பா இருக்காதுன்னு நம்பிட்டேன்" என்றார். அவர் நம்மைச் செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது. சாமியார் சொன்னால் நம்பாதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். ஆனால் நாம் சொன்னாலும் நம்பாதே என்று சொல்லிக் கொடுக்க மறந்து விட்டோம்!

தோழர்களே! கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால் நாம் எத்தனை தடவை யோசிக்கின்றோம்? கடன் வாங்குகின்றவன் யார், திருப்பிக் கொடுப்பானா, கொடுக்காவிட்டால் நம் கதி என்ன என்று வீட்டில் கலந்து பேசி, இரண்டு நாள் தள்ளிப் போட்டுப் பார்க்கின்றோம். ஆனால் ஒருவனுடைய புத்திக்குள் ஒரு பேச்சை நுழைப்பதற்கு மாத்திரம், கேட்டும் கேளாமலும் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டி ஜாமீன் போட்டு விடுகின்றோம். பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். விரல் போனால் எங்கே போய்ச் சம்பாதிப்பது?

நிற்க, அச்சில் வந்ததைக் காட்டிலும் காதில் விழுந்தது ஏன் சுலபமாக ஏமாற்றி விடுகின்றது என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். அச்சில் படிக்கும்போது சந்தேகம் வந்தால் கண் தானாக நிற்கின்றது. திரும்பி மேல் வரிக்குப் போகின்றது. காதோ அப்படி நிற்பதில்லை. பேசுகின்றவன் போய்க்கொண்டே இருப்பான். நாமும் அவன் பின்னாலேயே ஓட வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆராய்ச்சியில், ஒரே விஷயத்தைச் சில மாணவர்கள் 22 நிமிஷப் பாட்காஸ்டாகக் கேட்டார்கள். சிலர் அச்சில் படித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பரீட்சை வைத்ததில் படித்தவர்கள் 100-க்கு 81-ம், கேட்டவர்கள் 59-ம் வாங்கினார்கள். 2016-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில் இந்த வித்தியாசம் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆனாலும் மாடு பிடித்துக் கொண்டும், சந்தையில் பேரம் பேசிக் கொண்டும் கேட்டதை முழுதும் கேட்டுணர்ந்ததாக நினைத்துக் கொள்வது சரியல்ல என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு? அவரவர் நேற்றுக் கேட்டதை இன்று திருப்பிச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அன்றியும், தினமும் காதோடு காதாகப் பேசுகின்றவன் நமக்குச் சிநேகிதனைப் போல் ஆகிவிடுகின்றான். அந்தச் சிநேகிதக் குரலிலேயே நடுவில் மெத்தை விளம்பரமும் மருந்து விளம்பரமும் வருகின்றன. பத்திரிகையில் விளம்பரத்துக்குக் கோடு கட்டிப் பிரித்துக் காட்டுவார்கள். குரலுக்குக் கோடு கட்டுவது எப்படி?

"கண்டவன் பேசுவதைக் கேட்டால் இப்படித்தான், பெரிய இடத்துப் பாட்காஸ்டைக் கேட்டால் பயமில்லை" என்று சிலர் சொல்லலாம். அதையும் பார்ப்போம். அமெரிக்காவில் ரேடியோவிலும் பாட்காஸ்டாகவும் வருகின்ற "திஸ் அமெரிக்கன் லைப்" என்னும் நிகழ்ச்சி மிகவும் பேர் பெற்றது. 2012-ம் வருஷம் ஜனவரியில் அதில் மைக் டெய்ஸி என்கின்ற மேடை நடிகர் பேசினார். சீனாவில் ஆப்பிள் சாமான்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் போனதாகவும், ரசாயன விஷத்தால் கை நடுங்கும் தொழிலாளிகளைத் தாம் நேரில் கண்டதாகவும் உருக்கமாகச் சொன்னார். அந்த நிகழ்ச்சியில் அதுவரை வந்த பேச்சுகளிலெல்லாம் அதிகமான பேர் இறக்கிக் கேட்டது அதுதான். கேட்டவர்கள் எல்லாம் அடுத்தவருக்குச் சிபார்சு செய்தார்கள். ஷாங்காயில் இருந்த ராப் ஷ்மிட்ஸ் என்னும் நிருபர் ஒருவருக்கு மாத்திரம் சந்தேகம் தோன்றிற்று. அவர் டெய்ஸியோடு கூடப்போன மொழிபெயர்ப்புக்காரியைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அந்த அம்மாள், சொல்லப்பட்டவற்றில் பல நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். மார்ச் மாதத்தில் அதே நிகழ்ச்சியார் ஒரு பேச்சு முழுவதையும் தங்கள் தப்பை விளக்குவதற்கென்றே ஒதுக்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீனத் தொழிலாளிகளுக்கு அந்த ரசாயனத்தால் தீங்கு நேர்ந்தது நிஜம். ஆனால் டெய்ஸி அவர்களைச் சந்தித்தது பொய். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்யானது, நிஜமாகவே அவதிப்பட்ட தொழிலாளியின் வார்த்தையையும் சந்தேகிக்கும்படி செய்துவிட்டது. நமக்குப் பிடித்த பக்கத்துக்கு அனுகூலமாக ஒரு பேச்சு வந்தால், விசாரிக்காமலே கை தட்டுகின்ற நம்மைப் போன்ற பிரசாரகர்கள் இதை மறக்கக் கூடாது. நாம் ஆஸ்பத்திரியில் கற்ற பாடமும் இதுவேயாகும்.

இன்னொன்று. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையார் 2018-ல் "காலிபேட்" என்று ஒரு பாட்காஸ்டை வெளியிட்டார்கள். கனடாவைச் சேர்ந்த ஒரு வாலிபன், தான் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். கூட்டத்தில் சேர்ந்து ஆட்களைக் கொன்றதாகச் சொன்னதே அதில் முக்கியமான கதை. பீபாடி என்னும் பெரிய பரிசும் அதற்குக் கிடைத்தது. 2020-ம் வருஷம் செப்டம்பரில் கனடா போலீசார், அவன் சொன்னது கட்டுக்கதை என்று அவன் மேலேயே கேஸ் போட்டார்கள். டிசம்பரில் அந்தப் பத்திரிகையார் தங்கள் தவறை ஒப்புக்கொண்டு பரிசையும் திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய பத்திரிகை, பெரிய பரிசு, லட்சக்கணக்கான காதுகள். இவ்வளவும் சேர்ந்து ஒரு பொய்யை மெய்யாக்க முடிந்ததா? தப்பைத் தப்பென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்ட மட்டில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். எந்தப் புராணமாவது இப்படி ஒரு திருத்தம் வெளியிட்டதுண்டா?

இது ஒருபுறமிருக்க, கேட்பதிலும் ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கின்றது. "இன்றைக்கு ஐந்து கேட்டு முடித்தேன்", "நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டுத்தான் கேட்பது" என்று பெருமை பேசுகின்றார்கள். கோடி நாமம் எழுதிக் கணக்குப் பார்க்கின்றவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை கேட்டாய் என்பதா கேள்வி? கேட்டதில் எதை ஒத்துக் கொண்டாய், எதைத் தள்ளினாய், ஏன் என்பதல்லவா கேள்வி? மற்றும் சிலர், செல்போனே எடுத்துக் கொடுப்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக் கொண்டிருக்கின்றார்கள். அந்த யந்திரச் சிபார்சு, நாம் இன்னும் கொஞ்ச நேரம் கடையை விட்டுப் போகாதிருக்க எதைக் காட்டலாம் என்று கணக்குப் போடுகின்ற வியாபாரியின் சிபார்சே அல்லாமல், நம்முடைய அறிவை வளர்க்க வந்த ஆசிரியரின் சிபார்சு அல்ல.

தமிழில் கேள்வி என்னும் ஒரே வார்த்தைக்குக் கேட்டறிவது என்றும் பொருள். வினாவுவது என்றும் பொருள். வள்ளுவர் கேள்வி என்றே ஒரு அதிகாரம் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து போக வேண்டியவை. கதாகாலட்சேபத்தில் கேட்பது மாத்திரம் உண்டு, வினாவுவது கிடையாது, கேட்டாலே புண்ணியம் என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். டீக்கடைப் பத்திரிகையிலோ படிப்பவரை நடுவில் நிறுத்தி, "அதெப்படி?" என்று ஒருவன் கேட்பான், "பொய்" என்று ஒருவன் எழுந்து போவான். ஹெட்செட்டை மாட்டிக் கொண்டவனுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவன் இல்லை. ஆகையால் அந்த ஒருவனாகத் தானே இருக்க வேண்டும்.

வெறும் குற்றம் சொல்லி நிறுத்துவது வழக்கமல்லவாதலால் நாமும் இரண்டொன்றைச் சிபார்சு செய்கின்றோம், காரணத்தோடு செய்கின்றோம். ஒன்று, பி.பி.சி.யில் 1998 முதல் வருகின்ற "இன் அவர் டைம்". ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டு பெரும்பாலும் மூன்று அறிஞர்கள் பேசுவார்கள். ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். மேலும் படிக்க வேண்டிய புஸ்தகங்களின் ஜாபிதாவும் கொடுக்கப்படுகின்றது. மற்றொன்று, ஸ்டீவன் நோவெல்லா என்கின்ற நரம்பு வைத்தியர் 2005 முதல் சகாக்களோடு நடத்தி வருகின்ற "ஸ்கெப்டிக்ஸ் கைட் டு தி யூனிவர்ஸ்". அதில் சில விஞ்ஞானச் சங்கதிகளைச் சொல்லி, எது பொய் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. கேட்கின்றவனைச் சும்மா இருக்க விடாமல் யோசிக்கச் செய்வது நல்லதல்லவா? இரண்டும் இங்கிலீஷில் உள்ளவை. தெரிந்தவர்கள் கேட்டுத் தெரியாதவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நாம் சொன்னதற்காக இவைகளையும் நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, இனி ஒன்றைச் சிபார்சு செய்யுமுன் ஒவ்வொருவரும் நாலு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். முழுவதும் கேளுங்கள். பேசுகின்றவன் எதையாவது விற்கின்றானா என்று பாருங்கள். அவன் சொன்னதில் முக்கியமான ஒன்றையாவது வேறிடத்தில் விசாரியுங்கள். பிறகு அனுப்பும்போது "அவசியம் கேளுங்கள்" என்று மாத்திரம் எழுதாமல், எது சரி, எதில் சந்தேகம் என்று இரண்டு வரி எழுதுங்கள். வைத்திய விஷயமானால் டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதே என்று மூன்றாவது வரியையும் எழுதுங்கள். படிப்பகம் உள்ள ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பாட்காஸ்டைப் பத்துப் பேர் கூடிக் கேட்கலாம்; பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, யாருக்கு என்ன சந்தேகம் என்று கேட்கலாம்.

நமது தையற்காரத் தோழர் இப்போது சுகமாய் இருக்கின்றார். மாத்திரையும் ஒழுங்காய்ச் சாப்பிடுகின்றார். போன மாதம் நாம் ஒன்று அனுப்பியதற்கு, "இதை நீங்கள் முழுவதும் கேட்டீர்களா?" என்று பதில் எழுதியிருந்தார். நமக்கு இதைவிடப் பெரிய மரியாதையை இதுவரை ஒருவரும் செய்ததில்லை.