முட்டிச் சில்லு உடைந்தால் கம்பியா, ஸ்குரூவா? மரக்காணம் உப்பளத் தொழிலாளி டாக்டரிடம் கேட்க வேண்டியது என்ன?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பள வேலை என்பது முழுக்க முழுக்கக் காலை நம்பிய வேலை. பாத்தியை மிதிப்பது, குனிந்து உப்பு வாருவது, சுமையோடு வழுக்கும் வரப்பில் நடப்பது எல்லாமே இதில் அடக்கம். அங்கே முட்டி மோத விழுந்தால், முழங்காலுக்கு முன்னால் இருக்கும் சில்லு உடையலாம்.

கட்டு மட்டும் போதாதா?

வெறும் விரிசல் என்றால் கட்டுப் போட்டே ஆறிவிடும். ஆனா, தொடையின் முன்பக்கத் தசை இந்தச் சில்லு வழியாகத்தான் காலை நீட்டுகிறது. சில்லு குறுக்கே உடைந்தால் அந்தத் தசையே மேல் துண்டை மேலே இழுத்துவிடும். துண்டுகள் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

எப்படி இணைக்கிறார்கள்?

பழகிய முறை 'டென்ஷன் பேண்ட்'. சில்லுக்குள் இரண்டு கம்பிகளைச் செருகி, முன்பக்கம் எட்டு வடிவத்தில் வயரைச் சுற்றி முறுக்குவார்கள். ஸ்குரூ மட்டும் போடுவது இன்னொரு முறை. நடுவில் துளையுள்ள ஸ்குரூவுக்குள் வயரைக் கோத்துக் கட்டுவது மூன்றாவது. இப்போது பிளேட்டும் வந்துவிட்டது.

எது அதிக வலு?

1997-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கார்பென்டர் குழுவினர், இறந்தவர்களின் முழங்கால்களில் இதைச் சோதித்தார்கள். கம்பியும் வயரும் சராசரியாக 395 நியூட்டன் விசையில் தோற்றன. ஸ்குரூ மட்டும் 554 வரை தாங்கியது. ஸ்குரூவும் வயரும் சேர்ந்தபோது 732. எடைக் கணக்கில் சொன்னால் 40 கிலோ எங்கே, 75 கிலோ எங்கே!

அப்போ கேள்வி முடிந்ததா?

இல்லை. சில்லு பல துண்டாக நொறுங்கியிருந்தால் ஸ்குரூ பிடிக்க இடமே இருக்காது. அதைவிட முக்கியம், இப்படிப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் முழங்காலை 90 டிகிரி வரைதான் மடக்குகின்றன. அது நாற்காலியில் உட்காரும் அளவு. நம்ம ஊரில் குந்தி உட்காராமல் வேலையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அப்போது முழங்கால் 90 டிகிரியைத் தாண்டி மடங்கும். சில்லின் மீதான அழுத்தம் உடல் எடையைப் போல் பல மடங்காகும்.

தவிர, சில்லுக்கு மேல் தோல் மட்டும்தான். கம்பி முனை உறுத்தினால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

இதில் கூலி எங்கே வருகிறது?

மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் உதவி 5,000 ரூபாய். மீதி வருஷத்தை சீசன் கூலிதான் ஓட்ட வேண்டும். முட்டி உடைந்தால் சீசனிலேயே சில மாதம் போய்விடும். இரண்டாவது ஆபரேஷன் வந்தால் மறுபடியும் கூலி போகும்.

அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இந்த மூன்றையும் கேளுங்கள்: எந்த முறையில் இணைக்கப் போகிறீர்கள்? எப்போது குந்தலாம், எப்போது சுமை தூக்கலாம்? போட்ட கம்பியைப் பின்னால் எடுக்க வேண்டி வருமா?