காது கேக்காத வெள்ளையனும் குட்டி விக்கிற அண்ணாச்சிகளும்

"காது கேக்காத நாய்க்கு எதுக்குய்யா பேரு?"

வீட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு கேக்கறது இதைத்தான். நியாயமான கேள்வி. எங்க ராஜபாளையத்துக்கு பேரு வெள்ளையன், வயசு ஆறு. அவன் பேரை அவன் ஒரு தடவை கூட கேட்டதில்லை. பேரு எங்களுக்காக வெச்சது. செருப்பைக் கடிச்சது யாருன்னு புகார் எழுதணும்னா ஒரு பேரு வேணுமில்ல :-)

கூடவே இன்னொருத்தனும் இருக்கான். மணி, பதினோரு வயசு. கடையில பொமரேனியன்னு சொல்லி விப்பாங்களே, அந்த இந்தியன் ஸ்பிட்ஸ். அவனுக்கு ரெண்டு கண்ணும் போயாச்சு. முதல்ல ராத்திரிப் பார்வை போச்சு. பொழுது சாஞ்சா படியில இறங்க யோசிப்பான், கண்ணு மட்டும் வழக்கத்தை விட பளபளன்னு மின்னும். விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக்கிட்டு வருது, பரம்பரை வியாதி, மருந்து கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒண்ணுக்குக் காது இல்ல, ஒண்ணுக்குக் கண்ணு இல்ல. ரெண்டையும் வெச்சு எப்படி சமாளிக்கிறீங்கன்னு கேட்டா, நீங்க நினைக்கிற அளவுக்கெல்லாம் கஷ்டம் இல்லைங்கறதுதான் பதில்.

வெள்ளையனுக்கு கை பாஷை. கட்டை விரலைத் தூக்கினா 'சமத்து'. உள்ளங்கையைக் கீழ காட்டினா 'உக்காரு'. ராத்திரி தோட்டத்துல இருந்து கூப்பிடணும்னா வாசல் லைட்டை ரெண்டு தடவை போட்டு அணைச்சா போதும், ஓடி வந்துடுவான். தூங்கும்போது மட்டும் திடீர்னு மேல கை வைக்கக் கூடாது. பதறிப்போய் கடிச்சுட வாய்ப்பிருக்கு. மூக்குக்கிட்ட கையைக் கொண்டு போவோம், வாசனையில முழிச்சுக்குவான். சங்கிலி இல்லாம தெருவுக்கு விடறது கிடையவே கிடையாது. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அவனுக்குத் தெரியாதே. ஒரே லாபம் தீபாவளி. தெருவுல இருக்கற அத்தனை நாயும் கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டு இருக்கும், இவன் மல்லாக்கப் படுத்து தூங்குவான்.

மணிக்கு ஒரே சட்டம்தான், நாற்காலியை இடம் மாத்தாதே. படி ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பழைய சாக்கு போட்டிருக்கோம், கால்ல சாக்கு பட்டதும் நின்னுடுவான். தண்ணிச் சட்டி வருஷக்கணக்கா ஒரே மூலை. வெள்ளையன் கழுத்துல ஒரு சலங்கை கட்டி விட்டாங்க எங்க வீட்டம்மா. கேக்காத நாய்க்குச் சலங்கையான்னு சிரிக்காதீங்க, அது மணிக்காக. சத்தத்தை வெச்சு அவன் பின்னாடியே தோட்டம் முழுக்க சுத்தி வந்துடுவான். இந்த ஒரு ஐடியாவுக்காகவே அவங்களுக்கு கோயில் கட்டலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த நாய்ங்களோட நிம்மதியா வாழலாம்ங்கறது வேற, இந்த நாய்ங்களை உற்பத்தி பண்ணலாம்ங்கறது வேற. ரெண்டாவதுதான் எனக்குக் கடுப்பு.

ராஜபாளையத்துல காது கேக்காத குட்டி பிறக்கறது சாபம் இல்ல, அதிர்ஷ்டக்கட்டையும் இல்ல. தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்கற செல்கள் உள்காதுலயும் இருக்கணும். அங்க இருக்கற ரத்த நாளப் படலத்தை உயிரோட வெச்சிருக்கறதே அதுங்கதான். அந்த செல் போய்ச் சேரலைன்னா குட்டி பிறந்த சில வாரத்துலயே கேக்கற நரம்பு செல்லெல்லாம் செத்துடும். சுத்த வெள்ளை, ரோஸ் மூக்குன்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கி சேர்த்ததுல நிறத்தோட காதும் போயிடுச்சு. அந்தக் காலத்துல கறுப்பு, பழுப்பு, புள்ளியோட பிறந்த ராஜபாளையம் குட்டிகளை 'ஜாதி சுத்தமில்ல'ன்னு கொன்னு போட்டாங்க. 2005 ஜனவரியில இந்திய தபால்துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்போ நாமெல்லாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டிய நாய்தான். ஆனா நம்ம நாய் ஜாதியில கலர் குட்டியைக் கழிச்சுக் கட்டினது எவ்வளவு பெரிய நஷ்டம்னு யாரும் பேசறதில்ல.

டால்மேஷியன்லயும் இதே கதை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோட வர்ற குட்டிக்கு காது நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா அமெரிக்காவுல நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தா தகுதி நீக்கம்! மெர்ல்னு ஒரு சாம்பல் மேகக் கலர் இப்ப ஃபேஷன். அந்தக் கலர் நாய் ரெண்டை சேர்த்தா சராசரியா நாலுல ஒரு குட்டிக்கு அந்த ஜீன் ரெண்டு பக்கமும் வரும். அதுங்கள்ல நிறைய காது கேக்காம, கண்ணு சிறுத்துப் போய், சிலது ரெண்டும் இல்லாமலே பிறக்கும். அந்த ஜீனை 2006லயே கண்டுபிடிச்சாச்சு, டெஸ்டும் இருக்கு. தெரிஞ்சும் சேர்க்கிறவனை என்னன்னு சொல்ல?

தென்மாவட்டத்துல குட்டி விக்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். பேரு வேணாம். "தம்பி, வெள்ளையா இல்லைன்னா எவன் வாங்குவான்? காது மந்தமா இருந்தா என்ன, காவலுக்கு நிக்கும்ல?"ன்னார். வாங்கறவன் கேக்கறதைத்தான் விக்கிறேங்கறார். பாதி உண்மை. மீதி பாதிதான் ஆபத்து.

ஏன்னா, ரெண்டு காதும் கேக்காத குட்டியை எப்படியும் கண்டுபிடிச்சிடலாம். சோத்துச் சட்டி சத்தத்துக்கு மத்த குட்டியெல்லாம் எழுந்து ஓடும், இது தூங்கும். விளையாட்டுல கூடப்பிறந்தது கத்தினாலும் கடியை விடாது. ஆனா ஒரு காது மட்டும் கேக்கற குட்டி? நல்ல நாய் மாதிரியே இருக்கும். கூப்பிட்டா வரும். அதை வாங்கி, அழகா வெள்ளையா இருக்கேன்னு கிராஸ் போடுவாங்க. இப்படித்தான் அந்தக் குறை சத்தமில்லாம அடுத்த ஈத்துக்குப் போகுது. நம்ம ஆஸ்பத்திரியில பச்சக்குழந்தைக்கு எடுக்கற பெரா டெஸ்ட் மாதிரியே நாய்க்கும் உண்டு. ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா டிக் டிக்னு சத்தம் விட்டு மூளை அலையைப் பார்க்கிறது. ஆறு வாரக் குட்டிக்கே எடுக்கலாம். பிரிட்டன்ல டால்மேஷியன்களுக்கு இதை எடுத்து வந்தாங்க. 1992ல இருந்து 2017 வரைக்குமான கணக்கை 2020ல வெளியிட்டப்போ காது கேக்காத குட்டிகளோட விகிதம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. அதே வெள்ளை, அதே புள்ளி. இனம் அழிஞ்சுடலை.

'டெஸ்ட் எடுத்தா ராஜபாளையமே இருக்காது'ன்னு புலம்பறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு காது போன நாயைக் கூட வீட்டுல வெச்சுக் கொஞ்சுங்க, கருத்தடை பண்ணிட்டு. குறைக்குட்டி வந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீங்க. கலர் குட்டியைக் கொல்லாதீங்க, வளர்த்து வெள்ளையோட சேருங்க.

சட்டம் இல்லாமலும் இல்ல. 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி நாய் இனவிருத்தி பண்றவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், ரெண்டு மாசம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது, பதினெட்டு மாசம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. சந்தையில கோழிக்கூடையில வெச்சு விக்கிறவர்கிட்ட பதிவு நம்பர் கேட்டுப் பாருங்க, மூஞ்சி போற போக்கைப் பார்க்கலாம்.

குட்டி வாங்கப் போறீங்கன்னா தாயைக் காட்டச் சொல்லுங்க. இதே ஜோடிக்கு முந்தின ஈத்துல எத்தனை குட்டி, அதெல்லாம் இப்ப எங்கன்னு கேளுங்க. குட்டிக்குத் தெரியாம பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்க, கை தட்டாதீங்க, காத்து படும், திரும்பிடும். மத்த குட்டியைத் தள்ளி வெச்சுட்டு பண்ணுங்க, இல்லைன்னா அதுங்களைப் பார்த்து இதுவும் திரும்பும். ஒரு காதுப் பிரச்சனை இதுல தெரியாது, அதுக்கு டெஸ்ட்தான். "டெஸ்டா? நாய்க்கா?"ன்னு விக்கிறவர் சிரிச்சார்னா குட்டியைக் கீழ விட்டுட்டு வண்டியை எடுங்க.