எல்லோருக்குமா அந்த ஒளி?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஸிட்வெல் ஃப்ரண்ட்ஸ் என்றொரு தனியார் பள்ளி இருக்கிறது. 1883-ம் ஆண்டில் தாமஸ் ஸிட்வெல் என்ற குவேக்கர் சபைக்காரர் ஆரம்பித்தது. விடுதி கிடையாது, பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிறார்கள். மழலை வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை நடக்கிறது. படித்து முடிப்பவர்கள் கல்லூரிக்கு, அதிலும் பெயர்பெற்ற கல்லூரிக்குப் போகவேண்டும் என்பதே இத்தகைய பள்ளிகளின் லட்சியம்.

இப்பள்ளியின் பழக்கவழக்கங்களை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. வாரம் ஒரு முறை ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் கூடி மௌனமாக அமர்கிறார்கள். பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை. மனத்தில் ஏதேனும் தோன்றினால், மாணவனும் எழுந்து பேசலாம், மற்றவர்கள் கேட்பார்கள். பொதுத்தொண்டு செய்யாமல் படிப்பை முடிக்க முடியாது. "எல்லோரிடமிருந்தும் ஒளி வீசட்டும்" என்பதே பள்ளியின் லத்தீன் வாசகத்துக்குப் பொருள். தன் பிள்ளைக்கு இப்படியொரு பள்ளி வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்?

ஆனால், 'எல்லோரும்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம்? முதல் 73 ஆண்டுகள் கறுப்பினக் குழந்தைகள் அந்த 'எல்லோரிலும்' சேரவில்லை. அரசாங்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, 1956-ல்தான் கதவு திறந்தது. அதுவும் ஒரேயடியாக அல்ல. கீழ் வகுப்பிலிருந்து படிப்படியாக. மனிதர் ஒவ்வொருவருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டென்று நம்புகிறவர்களின் பள்ளியிலேயே இந்தக் கதி! மரபு உயர்ந்ததாக இருந்தால் நியாயம் தானாக வந்துவிடாது என்பது விளங்கவில்லையா?

இன்று நிறம் தடையில்லை, பணம் தடை. ஆண்டுச் சம்பளம் 50 ஆயிரம் டாலருக்கு மேல். உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளைகளும் உண்டு என்பது மெய்தான். ஆனால் உபகாரம் வேறு, உரிமை வேறு.

"அவரவர் பணம், அவரவர் பிள்ளை, மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

முதலாவதாக, அது முழுக்க அவரவர் பணமல்ல. லாப நோக்கற்ற ஸ்தாபனங்கள் என்ற முறையில் இத்தகைய பள்ளிகளுக்கு வருமான வரி விலக்கு உண்டு. அவற்றுக்குத் தரும் நன்கொடைக்கும் வரிச்சலுகை உண்டு. 2020-ல் கொரோனா கொள்ளைநோயின்போது, சிறு தொழில்கள் தம் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கென்று அமெரிக்க அரசாங்கம் ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது. அதில் ஸிட்வெல் பள்ளி ஏறத்தாழ 52 லட்சம் டாலர் பெற்றது. பெரும் நிதியிருப்புள்ள பள்ளிகள் இப்பணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்று நிதி மந்திரியே சொன்னார். எனினும் பள்ளி நிர்வாகம் அதை வைத்துக்கொள்ளவே தீர்மானித்தது.

இரண்டாவதாக, பெரிய கல்லூரிகளில் இடங்கள் அளவானவை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டும். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட உச்சியிலுள்ள 1 சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஹார்வர்ட், யேல் போன்ற 12 கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம். பழைய மாணவரின் வாரிசுகளுக்குத் தரும் சலுகை, விளையாட்டு வீரர் சேர்க்கை, படிப்புக்குப் புறம்பான தகுதிகளுக்குத் தரும் மதிப்பு ஆகிய மூன்றுமே காரணம். ஆக, தனியார் பள்ளியின் விளையாட்டு மைதானமும் விவாத மன்றமும் சிபாரிசுக் கடிதமும் வெறும் மரபுகளல்ல. அவை கல்லூரி வாசலில் செல்லுபடியாகும் நாணயங்கள்!

மூன்றாவதாக, தம் பிள்ளைகள் படிக்காத பள்ளியைப் பற்றி ஆள்வோருக்குக் கவலை குறைவு. கிளிண்டனும் ஒபாமாவும் ஜனாதிபதிகளாக இருந்தபோது தம் பெண்களை ஸிட்வெல்லில்தான் படிக்க வைத்தார்கள். 1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் தம் மகள் ஏமியை வாஷிங்டன் அரசாங்கப் பள்ளியில் சேர்த்தார்; அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. அந்நாட்டில் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் படிப்பது பொதுப் பள்ளிகளில். அப்பள்ளிகளின் பணத்தில் பெரும் பங்கு, பல மாநிலங்களில், அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்தும் நில வரியிலிருந்தும் வருகிறது. ஏழைகள் வாழும் வட்டாரம் என்றால் பள்ளியும் ஏழை! டெக்ஸாஸ் மாநிலத்துப் பெற்றோர்கள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 1973-ல் சுப்ரீம் கோர்ட், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அவர்கள் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. கல்வி அரசியல் சட்டம் உறுதி செய்த அடிப்படை உரிமையல்ல என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் நல்ல பள்ளியை மூடிவிடச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. வாரிசுச் சலுகை ஒழியவேண்டும். பொதுப்பணம் பொதுப் பள்ளிக்கே முதலில் போகவேண்டும். வட்டாரத்தின் வசதியைப் பார்க்காமல் ஒவ்வொரு குழந்தைக்கும் சமமாகச் செலவிடவேண்டும். மௌனமாக அமர்வதற்குச் செலவில்லை. ஆனால் சிறிய வகுப்புக்கும், பிள்ளையின் பேச்சைக் கேட்க நேரமுள்ள ஆசிரியருக்கும் செலவுண்டு. அந்தச் செலவைச் செய்ய மறுத்துவிட்டு, ஏழைப் பிள்ளைகளிடம் ஒளியில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

எல்லோரிடமிருந்தும் ஒளி வீசவேண்டுமா? எல்லோர் பள்ளியிலும் விளக்கேற்றுங்கள்!