கணக்குக் கேட்பது குற்றமா?

வக்கீல் வாசலை மிதித்த பெண் குடும்பத்திற்கு ஆகாதவள் என்னும் எண்ணம் பகாவ் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தோர் வாழும் தாமான்களிலும் இன்னும் சாகவில்லை. மணவிலக்கு வழக்கு நடத்தும் வழக்கறிஞரைக் குடும்பம் கலைப்பவர் என்று ஏசுவோரும் உளர். இதனினும் பெரிய அறியாமை உண்டோ?

குடும்பம் வழக்கறிஞரின் மேசையிலா கலைகிறது? குடியிலும் கடனிலும் அடிதடியிலும் அது முன்பே கலைந்துவிடுகிறது. எஞ்சியதைக் கணக்கிடுவதே அவர் தொழில். வீடு யார் பேரில் உள்ளது, தவணை யார் கட்டினர், பிள்ளைகளின் செலவு என்ன என்பவற்றைத் தாள்தாளாகச் சேர்த்து அவர் நீதிபதியின் முன் வைக்கிறார். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமோ, இருவரும் ஒப்பிக் கேட்கும் வழக்கு நீங்கலாக, முதலில் சமரசக் குழுவிடம் செல்லுமாறே பொதுவாகப் பணிக்கிறது. குடும்பத்தைக் கலைக்கத் துடிக்கும் சட்டம் இவ்வாறு கூறுமா?

கோயில் பஞ்சாயத்துப் போதாதா என்பர். பெரியவர்கள் சினத்தைத் தணிக்கலாம். வீட்டுப் பத்திரத்தில் பெயரை மாற்ற அவர்களால் இயலுமா? "பொறுத்துப் போ அம்மா" என்னும் தீர்ப்பு எந்தப் பிள்ளையின் பசியை ஆற்றும்?

விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டிப் பாலெடுத்து, வந்து உலையேற்றியவளின் உழைப்பு உழைப்பன்றோ? பழைய 76ஆம் பிரிவு, ஒருவரே ஈட்டிய சொத்தில் ஈட்டியவருக்கே பெரும்பங்கு தந்தது. 2018 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது. இல்லம் காத்த உழைப்பையும் எண்ணிச் சமபங்கை நோக்கிச் சாயுமாறு நீதிமன்றத்தைப் பணித்தது.

சட்டம் கொடுத்ததைத் தாளின்மை கெடுக்கிறது. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். தாலியேறிய பின்னும் பதிவை மறந்தால், சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் தான் மனைவி என்பதை மெய்ப்பிக்கவே அவள் தடுமாற நேரும். இது யார் குற்றம்? மண்டபத்துக்கும் மேளத்துக்கும் வாரியிறைத்து, ஒரு பதிவுத்தாளுக்குச் சோம்பிய பெரியவர்களின் குற்றமே.

வழக்கறிஞர் கட்டணம் ஏழைக்கு எட்டாது என்பது மெய்யே. ஆயினும் குறைந்த வருவாயினரின் குடும்ப வழக்குகளுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. அதன் கதவைத் தட்ட வெட்கம் எதற்கு?

பதிவுக்கு வழிசெய்யாத மணத்துக்கு மண்டபம் இல்லை என்று கோயில் நிர்வாகங்கள் அறிவிக்கட்டும். பிரிவை எவரும் வேண்டுவதில்லை. பிரிவு வந்தபின் பாதி வாழ்நாள் உழைத்தவள் துணிமூட்டையோடு படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அதனைப் பண்பாடு என்று போற்றுவதுதான் மானக்கேடு.