பொடியாட்ரிஸ்ட் ஆகணுமா? கோர்ஸ் முடிச்சா போதாது... லைசென்ஸ் யார் தருவாங்கன்னு பாருங்க!

பல் வலிச்சா டென்டிஸ்ட், கண்ணாடி போடணும்னா ஆப்டோமெட்ரிஸ்ட். ஆனா, காலில் ஆணி, வெடிப்பு, ஆறாத புண்ணுன்னா யார்கிட்ட போறது? தோல் டாக்டர், எலும்பு டாக்டர், சர்க்கரை டாக்டர்னு மூணு வாசல் ஏறி இறங்குறதுதான் நம்ம ஊர் வழக்கம். பாதத்தையும் கணுக்காலையும் மட்டுமே படிச்சு, அதுக்கே சிகிச்சை தர்றவங்களுக்கு ‘பொடியாட்ரிஸ்ட்’னு பேர். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இது சட்டப்படி லைசென்ஸ் தேவைப்படுற தனித் தொழில்.

இந்தப் பேர் இப்போ இங்கேயும் அடிபடக் காரணம், சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவிகிதம். பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் பாத நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டம் குறையும். சின்னக் காயம் புண்ணாகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். தமிழக அரசு ‘பாதம் பாதுகாப்போம்’னு தனித் திட்டமே கொண்டு வந்திருக்கு.

தேவை இருக்கிற இடத்தில் கோர்ஸ்களும் முளைக்கும். ‘சில வாரங்களில் ஃபுட் கேர் ஸ்பெஷலிஸ்ட்’னு ஒரு விளம்பரம் உங்க போனிலும் எட்டிப் பார்க்கலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி, நிஜமான பொடியாட்ரிஸ்ட் எப்படி உருவாகிறார்னு பார்த்துடுவோம்.

அமெரிக்கா: 4 + 4 + 3

முதலில் கல்லூரிப் படிப்பு, வழக்கமாக 4 வருஷம். உயிரியல், வேதியியல், இயற்பியல் படிச்சிருக்கணும். பிறகு எம்கேட் நுழைவுத் தேர்வு. அடுத்து, டி.பி.எம் எனப்படும் ‘டாக்டர் ஆஃப் பொடியாட்ரிக் மெடிசின்’ பட்டம், 4 வருஷம். இதைச் சொல்லித்தரும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் அந்த நாடு முழுக்கவே பத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முதல் 2 வருஷம் உடற்கூறியல், மருந்தியல் மாதிரியான அடிப்படை மருத்துவம். அடுத்த 2 வருஷம் பெரும்பாலும் கிளினிக்கில் நோயாளிகளோடு.

அதுக்கப்புறம் மருத்துவமனையில் 3 வருஷ ரெசிடென்சி. அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் இங்கேதான் கைக்கு வரும். இதுக்கு இடையில் ஏ.பி.எம்.எல்.இ என்ற தேசியத் தேர்வைப் பகுதி பகுதியாக எழுதி பாஸ் பண்ணணும். இவ்வளவும் முடிச்சாலும் லைசென்ஸ் தருவது மாநில வாரியம்தான். நியூயார்க் லைசென்ஸை மட்டும் வெச்சுக்கிட்டு டெக்சாஸில் கிளினிக் திறக்க முடியாது. கணுக்காலுக்கு மேல் எதுவரை சிகிச்சை தரலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிரிட்டன்: பேருக்கே பூட்டு

பிரிட்டனில் பாதை சின்னது. பிளஸ் டூ அளவுப் படிப்புக்குப் பிறகு, பொடியாட்ரியில் பி.எஸ்சி ஆனர்ஸ். இங்கிலாந்தில் பொதுவாக 3 வருஷம், ஸ்காட்லாந்தில் 4 வருஷம். ஆனா, அங்கேயும் பட்டத்தோடு வேலை முடியாது. ஹெச்.சி.பி.சி என்ற கவுன்சிலில் பெயரைப் பதிவு பண்ணணும், 2 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

‘பொடியாட்ரிஸ்ட்’, ‘கைரோபடிஸ்ட்’ என்ற இரண்டு பெயர்களும் அங்கே சட்டப் பாதுகாப்பு பெற்றவை. பதிவு இல்லாமல் அந்தப் பெயரை போர்டில் போட்டால் குற்றம். ஆனா, ‘ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்’ என்ற பெயருக்கு அந்தப் பூட்டு கிடையாது. குறுகிய கால கோர்ஸ் முடிச்சவரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். கேட்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர்கள்... ஒன்றுக்குப் பின்னால் சட்டம் இருக்கு, இன்னொன்றுக்கு இல்லை.

இன்னொரு விஷயம்... பிரிட்டன் பட்டத்தைத் தூக்கிக்கிட்டு நேரா அமெரிக்கா போய் பிராக்டிஸ் பண்ண முடியாது. அங்கே டி.பி.எம் கேட்பாங்க. அதனால், ‘எங்கே படிக்கிறது’ என்பதைவிட ‘எந்த நாட்டில் வேலை பார்க்கப் போறேன்’ என்பதுதான் முதல் கேள்வி.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

இதுக்கான பதில் நம்ம வேலூரிலேயே இருக்கு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை, கால்கள் சிதைய முக்கியக் காரணம் வலி தெரியாமல் போவதுதான்னு அவரும் அவர் குழுவும் காட்டினாங்க. வலி தெரியாததால் முள் குத்தினாலும் நடப்பாங்க, நெருப்பு சுட்டாலும் காலை இழுக்க மாட்டாங்க. பிறகு அவர் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனார். அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தியது. மரத்துப்போன காலுக்குத் தரப்படும் மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு நம்ம ஊரில் இன்னைக்கும் புழக்கத்தில் இருக்கு.

அதாவது, பொடியாட்ரிஸ்ட்டிடம் வரும் பலருக்கு, தப்பா ஒரு வெட்டு விழுந்தாலும் வலிக்காது. கத்தவும் மாட்டார். வீட்டுக்குப் போய் சில நாள் கழிச்சு, சீழ் வெச்ச பிறகுதான் தெரியும். அதனால்தான் பாதத்தில் பிளேடு வைக்கும் கைக்கு வருஷக்கணக்கில் பயிற்சி கேட்கிறாங்க.

இந்தியா: சட்டம் வந்தாச்சு, பாதை?

2021-ல் வந்த அலைடு அண்ட் ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பொடியாட்ரிஸ்ட் என்ற பெயர் இருக்கு. இது பெரிய முன்னேற்றம். அலைடு ஹெல்த் பிரிவுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, ஹெல்த்கேர் புரொஃபஷனலுக்கு 3,600 மணி நேரப் படிப்புனு சட்டமே அளவு சொல்கிறது. வார இறுதி கோர்ஸ் இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனா, 2025-ல் ஆணையம் முதல்கட்டமாகப் பாடத்திட்டம் வெளியிட்டது பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, டயட்டெடிக்ஸ், டயாலிசிஸ் மாதிரியான தொழில்களுக்கு. பொடியாட்ரி அந்தப் பட்டியலில் இல்லை. இப்போதைக்கு இந்த வேலையைச் சர்ஜன்கள், சர்க்கரை நோய் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள், பயிற்சி பெற்ற நர்ஸ்கள்னு பலர் பகிர்ந்து செய்றாங்க. பணியிடம் இல்லைன்னு கல்லூரிகள் தயங்கும், படிச்சவங்க இல்லைன்னு பணியிடம் உருவாகாது. கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான். அரசு மருத்துவமனைகளில் பொடியாட்ரிஸ்ட் பணியிடம் வந்தால்தான் இந்தச் சுழற்சி உடையும்.

அதுவரை இந்தத் துறையில் ஆர்வம் இருக்கிறவங்களுக்கு, ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள பக்கத்து வாசல்கள் உண்டு. எம்.பி.பி.எஸ் முடிச்சு அறுவை சிகிச்சைப் பக்கம் போய் பாதத்தில் கவனம் செலுத்தலாம். பிசியோதெரபி படிக்கலாம். சிறப்புக் காலணி, செயற்கைக் கால் வடிவமைக்கும் பிராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் படிக்கலாம். முடிச்சவங்களை இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு செய்கிறது.

பணம் கட்டும் முன் 3 கேள்விகள்

1. படிச்சு முடிச்சதும் என் பெயரை எந்த கவுன்சில் பதிவு பண்ணும்? ‘சர்வதேச அங்கீகாரம்’ என்பது பதில் இல்லை. கவுன்சிலின் பெயர் வேணும்.

2. நோயாளிகளோடு எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்த மருத்துவமனையில்?

3. இந்தச் சான்றிதழை வெச்சு, ஒரு சர்க்கரை நோயாளியின் காலில் பிளேடு வைக்க எனக்குச் சட்டப்படி அனுமதி உண்டா?

மூணாவது கேள்விக்கு நேரடியா ‘ஆமாம்’னு எழுத்தில் தராத கோர்ஸ், உங்களை பொடியாட்ரிஸ்ட் ஆக்காது. அதிகபட்சம், பெடிக்யூர் சொல்லித்தரும். பெடிக்யூர் கத்துக்கறதில் தப்பே இல்லை... அதைப் பெடிக்யூர்னு சொல்லிச் செய்யுறவரைக்கும்!