விளையாட்டுக்குக் கூலி கேட்போம்

"விளையாடினால் வேலை கிடைக்கும்." எங்கள் பக்கம் ஒரு பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பவைக்க இந்த ஒரு வாக்கியம்தான் பயன்படுகிறது. ஆழ்வார்குறிச்சி, கடையம், அம்பாசமுத்திரம், முக்கூடல் என எந்த ஊரிலும் உடற்கல்வி ஆசிரியர் பெற்றோரிடம் இதைத்தான் சொல்வார். சான்றிதழ் வரும், கல்லூரியில் இடம் வரும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை வரும். அப்பா கொஞ்சம் யோசிப்பார். அம்மா தலையாட்டுவார். பிள்ளை பந்தைத் தொடுவாள்.

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. சிலருக்கு வேலை கிடைக்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. விளையாட்டு தன்னளவில் வேலையல்ல, உண்மையான வேலை வேறெங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்ததும் பந்தை வைத்துவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பு. தெருவில் மாலை முழுக்கப் பந்தடிக்கும் பையனிடம் எதற்காக ஆடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளை மட்டும் ஆடுவதற்குக் காரணம் காட்டியாக வேண்டும். "ஏட்டி, பொம்பளப்புள்ள இப்பிடிக் குதிச்சு என்னத்த சம்பாரிக்கப் போற?" என்று என் ஆச்சி கேட்டாள். நான் பல்கலைக்கழக அணி வரை ஆடினேன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஆச்சியின் கேள்வியை இன்று நானே நேராகக் கேட்கிறேன்: ஆமாம், குதித்து என்ன சம்பாதிக்கிறோம்? ஏன் சம்பாதிக்க முடியவில்லை?

பதில் தேட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையே போதும். ஆச்சியும் அம்மாவும் பீடி சுற்றினார்கள். மடியில் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, தூள், நூல். காலையில் சோறு வடித்த கையோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை கை ஓயாது. ஆனாலும் எங்கள் தெருவில் அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல நாலு பீடி சுத்துதா" என்பார்கள். சும்மா இருக்கிற நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம். கட்டுக்கட்டாகக் கழித்துவிடலாம். இந்த வட்டாரத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பீடி சுற்றத் தெரியுமா என்று விசாரித்த காலம் உண்டு. அவள் வருமானம் தேவைப்பட்டது. அவளைத் தொழிலாளி என்று அழைக்க மட்டும் மனம் வரவில்லை.

1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று எழுதியது. அந்த ஓர் ஏற்பு கிடைத்த பிறகுதான் கூலி, விடுப்பு, பிரசவ உதவி என்றெல்லாம் பேச வழி பிறந்தது. கொடுத்தார்களா, முழுதாகக் கொடுத்தார்களா என்பது தனிப் போராட்டம். ஆனால் கேட்பதற்குப் பெயர் வேண்டும். விளையாடும் பெண்ணுக்கு இன்னும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அவளை வீராங்கனை என்கிறோம், சிங்கப்பெண் என்கிறோம், மாலை போடுகிறோம். தொழிலாளி என்று மட்டும் சொல்வதில்லை.

நம் நாட்டுக் கூடைப்பந்தில் ஒரு பெண் எட்டக்கூடிய உச்சம் எது என்று பாருங்கள். கேரளத்தில் கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், ஆறடி இரண்டு அங்குல உயரம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடினார், தலைமையும் தாங்கினார். 2006இலிருந்து சில பருவங்கள் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவின் மூன்று அணிகள், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ, அவரைத் தேர்வுக்கு அழைத்தன. அந்த அழைப்பு கிடைத்த முதல் இந்தியப் பெண் அவர். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2015இல், பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நாடே கொண்டாடியது. 'நூறு கோடியில் ஒருவன்' என்று பொருள்படும் தலைப்பில் ஆவணப்படமும் வந்தது. அந்தப் பையனின் உழைப்பில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த நூறு கோடியில் பாதிப் பேர் பெண்கள். 2015ஐ நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு 2011 தெரியும்?

நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடினார். அவரும் தெற்கு ரயில்வே ஊழியர். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். ஒருவர் இத்தனை காலம் ஒரு தொழிலில் உச்சத்தில் இருந்தும், அந்தத் தொழிலிலிருந்து வாழ்க்கை நடத்த முடியாது. ரயில்வே சம்பளம்தான் அவர்களைத் தாங்கியது. ரயில்வேயைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் பெண்கள் கூடைப்பந்தே பாதி இருந்திருக்காது. ஆனால் ஒரு நாட்டின் பெண்கள் விளையாட்டு முழுவதும் ஓர் அரசுத் துறையின் கருணையில் தொங்குவதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

"அமெரிக்காவைப் பார், அங்கே பெண்கள் எப்படி ஆடுகிறார்கள்" என்று பிள்ளைகளுக்குச் செல்போனில் காட்டுகிறோம். சரி, பார்ப்போம். 1972இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் பால் வேற்றுமை காட்டக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் கல்லூரிகளில் பெண்களுக்கு அணிகளும் உதவித்தொகையும் பெருகின. 1997இல் டபிள்யூஎன்பிஏ ஆடத் தொடங்கியது. ஆனால் 2024இல்கூட அங்கே 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், மொத்தம் 144 இடங்கள். பெரும்பாலும் நாடு முழுவதும் கல்லூரி முடித்து வருபவர்களிலிருந்து அந்த ஆண்டு 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிலும் பலர் அணியில் நிலைப்பதில்லை. மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், போலந்து, ஆஸ்திரேலியா என்று மொழி தெரியாத ஊர்களுக்குப் பிழைக்கப் போகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போகிற மாதிரிதான்.

இடம் கிடைத்தவர்களும் போனார்கள். டயானா டவுராசி அந்த லீகின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். 2015இல் சொந்த நாட்டுப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க் அணி, ஓய்வெடுத்துவிட்டு வா என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. அங்கே அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் என்று செய்திகள் கூறின. சொந்த நாட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ரஷ்ய அணிக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பி இருந்தது என்பது வழக்கு. ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை. டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். அப்போது எல்லோரும் ரஷ்யாவைப் பற்றிப் பேசினார்கள். உலகப் பணக்கார நாட்டின் முதல் தர ஆட்டக்காரி குளிர்காலம்தோறும் ஏன் அங்கே போக வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் பேர்தான் கேட்டார்கள்.

போகவே முடியாதவர்களும் உண்டு. பில்கிஸ் அப்துல்-காதிர் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஹிஜாப் அணிந்து ஆடியவர். படிப்பு முடிந்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆட முயன்றபோது, தலையில் துணி கூடாது என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் விதி அவரை மறித்தது. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கத்தார் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். 2017இல் அந்த விதி மாறியது. பில்கிஸுக்கு அதற்குள் ஆடும் வயதின் நல்ல ஆண்டுகள் போய்விட்டன. பொட்டல்புதூரிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் பந்து போடுகிறார்கள். துணியால் வளையத்துக்கு ஒரு சேதமும் வந்ததில்லை.

இதற்கெல்லாம் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்? வருமானம் வந்தால்தானே கொடுக்க முடியும்?" கிரிக்கெட்டிலும் இதையேதான் சொன்னார்கள். 2023இல் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவை 3.4 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மாலையில் பெண்களுக்கு ஆடத் தெரியாமலா இருந்தது? மேடை போட்டுக் காட்டினார்கள், சனம் பார்த்தது. கபடிக்கு 2014இல் ஆண்கள் லீக் தொடங்கி ஊரெல்லாம் பேசப்பட்டது. பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளை வைத்து ஒரு பருவம் நடத்தினார்கள், அதோடு சரி. ஒரு பருவத்தில் காய்க்கவில்லை என்று மாமரத்தை வெட்டுகிறவனை விவசாயி என்போமா?

அமெரிக்கப் பெண்கள் ஆண்கள் வாங்கும் தொகையை அப்படியே கேட்கவும் இல்லை. 2024இல் முதல் ஆளாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். முந்தைய ஆண்டு ஆண்களில் முதல் ஆளான விக்டர் வெம்பன்யாமாவுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். இந்த வித்தியாசத்தை விடவும் அவர்களை உறுத்தியது வேறு கணக்கு. ஆண்கள் லீகின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, பெண்கள் லீகில் அப்படியில்லை. 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரே சட்டை அணிந்து வந்தார்கள். எங்களுக்குத் தர வேண்டியதைக் கொடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. தானம் கேட்பவர் மொழி அப்படி இருக்காது. பாக்கி கேட்பவர் மொழி அது. பீடிக் கடையில் பாஸ்புக்கை நீட்டி என் அம்மா பேசியதும் அதே மொழிதான்.

நான் படித்த வெளியூர்க் கல்லூரியில் ஆண்கள் அணிக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி ஷூ உண்டு. எங்களுக்கு இல்லை. கேட்டதற்கு, "நீங்க மூணு வருசந்தானம்மா ஆடப்போறீங்க" என்றார்கள். பையன்களும் மூன்று வருடம்தான் படித்தார்கள். ஆனால் அவர்கள் அதற்குப் பிறகும் ஆடுவார்கள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது, எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்றும் நம்பிக்கை இருந்தது. என்னோடு ஆடிய பன்னிரண்டு பேரில் இன்று பந்தைத் தொடுவது நான் ஒருத்திதான். மற்ற பதினொரு பேருக்கும் திறமை குறைந்துபோகவில்லை. ஆடினால் கஞ்சி கிடைக்கும் என்ற ஓர் இடம் இருந்திருந்தால் எந்த மாமியாரும் "இதென்ன விளையாட்டு" என்று கேட்டிருக்க மாட்டார். காசு வரும் வேலையை இந்தச் சமூகம் நிறுத்தச் சொன்னதில்லை. பீடித் தட்டை யாரும் பிடுங்கவில்லையே.

ஆகவே மாணவிகளிடம் சொல்கிறேன். ரயில்வே வேலை கிடைத்தால் சேருங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதோடு கோரிக்கை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாநிலப் போட்டியில் ஆடினாலே ஆட்டக் கூலி என்று கேளுங்கள், பயணப்படியும் இட்லிப் பொட்டலமும் கூலியாகாது. ஆண்களுக்கு லீக் நடத்தும் எவரும் அதே மைதானத்தில் பெண்களுக்கும் பல ஆண்டுகளுக்கு உறுதி சொல்லி நடத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் பிரசவ காலச் சம்பளம் வேண்டும். அமெரிக்க லீகில் 2020 ஒப்பந்தம் அதை முழுச் சம்பளமாக்கியது, ஆட்டக்காரிகளின் சங்கம் பேசி வாங்கியது. ஆடி முடித்த பெண்களுக்குப் பயிற்சியாளர் பணி வேண்டும். ஊர் மைதானத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகு விளக்கும், கதவு உள்ள கழிப்பறையும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் திறமையைப் பற்றிப் பேச யாருக்கும் அருகதை இல்லை.

பெற்றோரிடமும் வாக்கியத்தை மாற்றிச் சொல்வோம். விளையாடினால் வேலை கிடைக்கும் என்று இனி நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மகள் விளையாடுவதே வேலை, அதற்குக் கூலி வாங்கித் தர நீங்களும் எங்களோடு வாருங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன்.