காலிலிருந்து மூளை

சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்யும் தோழர்கள், ஊருக்குத் திரும்பியதும் ஊரென்றும் காலனியென்றும் பிரிந்து போகிறார்கள். காரணம் கேட்டாலோ, பிர்மாவின் முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்பதாக வைதீகர்கள் சாஸ்திரம் காட்டுகிறார்கள்.

மனிதனுடைய தோல் அணுவைப் பக்குவப்படுத்தினால், சரீரத்தின் எந்த உறுப்பின் அணுவாகவும் மாறத்தக்க மூல அணுவாக்கலாம் என்று 2007-ல் ஜப்பானிய அறிஞர் யாமனாக்கா செய்து காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். 2013-ல் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் மூல அணுக்களிலிருந்து பட்டாணியளவு மூளைத் திசுவை வளர்த்தார்கள். 2021-ல் நமது சென்னை ஐ.ஐ.டி.யாரும் அமெரிக்க எம்.ஐ.டி.யாரும் சேர்ந்து, அத்திசு வளரும்போதே உருப்பெருக்கியில் பார்க்கத்தக்க மலிவான கலமொன்றைச் செய்தார்கள். இத்திசு முழு மூளையாகிவிடாது. நோயின் மூலத்தை அறியவும், மருந்தை மனிதனுக்குக் கொடுக்குமுன் சோதிக்கவும் உதவும்.

பாதத்தில் கிள்ளிய தோலும் இப்படி மூளைத் திசுவாகத் தக்கதுதானே! அப்படியானால், முகத்துக்கென்ன உயர்வு, காலுக்கென்ன தாழ்வு என்று கேட்கிறோம். அந்த மூளைத் திசுவைப் பார்த்து, இது எந்த ஜாதியான் தோல் என்று எந்த சாஸ்திரியாவது சொல்ல முடியுமா?

தோழர்களே! தெருவைப் பிரித்தவன் மனிதன். அதை ஒன்றாக்க வேண்டியவர்களும் நாமே.